குதிரை முதுகில் காய்ந்த திட்டு: சேணம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மகளின் குவார்ட்டர் ஹார்ஸ் இனக் குதிரைக்குப் பழைய வெஸ்டர்ன் சேணம் ஒன்று வாங்கினோம். மாட்டுக்குச் சுருக்கு வீசிய கயிற்றைச் சுற்றிப் பிடிக்க முன்னால் கொம்பு வைத்த ரோப்பிங் சேணம். எடை 18 கிலோ.

நேற்று ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுச் சேணத்தை இறக்கினால், முதுகெல்லாம் வியர்வை. தோளுக்குப் பின்னால் மட்டும் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த திட்டு. அங்கே விரலால் அழுத்தியதும் தோல் துடிக்க, குதிரை விலகிப் போகிறாள். சேணத்துக்குள் இருக்கும் சட்டம் அழுத்துவதால்தான் அங்கே வியர்க்கவில்லை என்று நினைக்கிறேன். இப்படியே விட்டால் அந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்துவிடும், பாவம்.

விற்றவர் சேணத்துக்கு அடியில் இன்னொரு கம்பளம் போடச் சொல்கிறார். இறுக்கமான சட்டைக்குள் இன்னொரு சட்டை போட்டால் இறுக்கம் கூடத்தானே செய்யும்?

செமி பார், ஃபுல் குவார்ட்டர் ஹார்ஸ் பார் என்று சட்டம் வேறு வேறு அகலத்தில் வருகிறதே, எங்கள் குதிரைக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வளையும் கம்பியை முதுகில் வைத்து அளவெடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த இடத்தில் வைக்க வேண்டும்?

அதுவரை சேணம் போடப் போவதில்லை. மகள் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டுதான் போகிறாள். டாலஸ் பக்கம் நேரில் வந்து பார்த்துச் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.