வாஷிங் மெஷின் தண்ணீரை நிறுத்தும்போதெல்லாம் சுவருக்குள் "டொம்": எங்கிருந்து தேடுவது?

மாடிப்படி கேட்டது:

இரண்டு மாடி வீடு. மேல்நிலைத் தொட்டி, பிரஷர் பம்ப், அதோடு ஒரு சின்ன பிரஷர் டேங்க். அங்கிருந்து எல்லா இடத்துக்கும் அரை இஞ்ச் சிபிவிசி (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்), பெரும்பாலும் சுவருக்குள். வாஷிங் மெஷின் தண்ணீர் எடுத்து முடிக்கும் நொடியில் ஒரே ஒரு "டொம்", பக்கத்து பாத்ரூம் டேப் வரை அதிர்கிறது. ஃப்ளஷ் டேங்க் நிரம்பும் கடைசி அரை நிமிடம் மாடு கத்துவது போல ஓர் ஓசை. கீசர் தண்ணீர் பயன்படுத்திய பிறகு பத்து நிமிடத்துக்கு "டிக், டிக்". குழாயில் தண்ணீர் சட்டென்று நிற்கும் அடியை வாங்கிக்கொள்ளும் ஹாமர் அரெஸ்டர் ஒன்று மாட்டினால் மூன்றும் நிற்குமா? சுவரை உடைக்காமல் முடித்தால் நல்லது.

வால்வு வாத்தியார் பதில்:

நிற்காது. மூன்றும் மூன்று வியாதி. அரெஸ்டர் முதலாவதுக்கு மட்டும்தான் மருந்து. எந்த நேரத்தில் சத்தம் வருகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம், அதை நீங்களே சரியாகக் குறித்திருக்கிறீர்கள்.

"டொம்" தான் உண்மையான வாட்டர் ஹாமர். மெஷினுக்குள் இருக்கும், கரண்டில் இயங்கும் சொலினாய்டு வால்வு கண் இமைப்பதற்குள் மூடிக்கொள்ளும். ஓடிவந்த தண்ணீர் சட்டென்று நிற்க, அந்த வேகம் அழுத்தமாக மாறி அலையாகத் திரும்பி ஓடும். சிபிவிசியில் இந்த அலையின் வேகம் நொடிக்கு சுமார் 500 மீட்டர். தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்து நின்றால், ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்துக்கு மேல் 5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) ஏறும். இரும்பு, செம்புக் குழாயில் அதே வேகத்துக்கு 12 பாருக்கு மேல். 15 மீட்டர் லைனில் அலை போய்த் திரும்ப 0.06 நொடி ஆகும். வால்வு அதற்குள் மூடிவிட்டால் முழு அடியும் விழும். கையால் மூடும் டேப்பில் சத்தம் வராததற்கும் இதுவே காரணம்.

அதனால் அரெஸ்டருக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள், 0–16 பார் போதும். மெஷினுக்குப் பக்கத்து டேப்பில் மாட்டி இரண்டு எண்களைப் பாருங்கள்: எல்லாம் மூடியிருக்கும்போது எவ்வளவு, மெஷின் மூடும்போது முள் எதுவரை துள்ளுகிறது. இன்னொன்று, மெஷின் ஹோஸைக் கழற்றி பக்கெட்டில் ஒரு நிமிடம் பிடித்து அளந்து பாருங்கள். அரை இஞ்ச் சிபிவிசியில் நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 1.4 மீட்டர். மெஷின் உள்ளே எடுப்பது இதைவிடக் குறைவாக இருக்கும், ஆனாலும் லைன் எவ்வளவு தரும் என்று தெரிந்துவிடும்.

சொட்டுநீர் பதில்:

மற்ற இரண்டையும் நான் சொல்றேன். மாடு கத்துறது ஃப்ளஷ் டேங்கோட மிதவை வால்வு. மூடப்போற நேரத்துல இடைவெளி நூலா ஆகும், தேஞ்ச வாஷர் அங்க நடுங்கும், பைப் அதை ஒலிபெருக்கி மாதிரி வீடு முழுக்கக் கொண்டு போகும். சத்தம் வர்றப்போ மிதவையைக் கையால முழுசா மேலே தூக்குங்க. உடனே நின்னா குற்றவாளி அதுதான். டேங்குக்குத் தண்ணீர் வர்ற இடத்துல சுவர்ல இருக்கற ஆங்கிள் வால்வைப் பாதி மூடிப் பாருங்க, அதுலயே அடங்கலாம். இல்லன்னா வாஷரோ முழு வால்வோ மாத்துங்க, சுவரைத் தொடவே வேண்டாம்.

"டிக் டிக்" வெந்நீர் பைப் நீண்டு சுருங்குறது. 8 மீட்டர் சிபிவிசி 35 டிகிரி சூடேறினா 17 மில்லிமீட்டர் வரை நீளும், செம்புன்னா 5 தான். கிளாம்ப் இறுக்கிப் பிடிச்சிருந்தா, இல்ல சுவர்த் துளை ஒட்டி இருந்தா, நகர முடியாம விட்டுவிட்டு வழுக்கும். வெளியே தெரியற இடத்துல கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்தி உள்ளே ரப்பர் வையுங்க. சுவருக்குள்ள இருக்கறதை விட்டுடுங்க, ஆபத்தில்லை. கீசர் 60-ல இருந்தா 50-க்கு இறக்கினாலே கொஞ்சம் குறையும்.

"டொம்"முக்கு அரெஸ்டர் எதுக்கு? டேப்புக்குப் பக்கத்துல ஒரு "T" வடிவ இணைப்பு போட்டு, ஒரு அடி பைப்பை நிமிர்த்தி மூடி வெச்சா காற்று மெத்தை ஆயிடும்.

வால்வு வாத்தியார் பதில்:

அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து போய்விடும், பிறகு அது வெறும் முட்டுக் குழாய். லைனை முழுதாக வடித்து மறுபடி நிரப்பினால் காற்று திரும்பும், ஆனால் அதை யாரும் தொடர்ந்து செய்வதில்லை. பிஸ்டன் அரெஸ்டரில் நடுவே பிஸ்டன் இருப்பதால் காற்றும் தண்ணீரும் தொடுவதே இல்லை.

மாடிப்படி பதில்:

ஃப்ளஷ் டேங்க் வாஷர் மாற்றினேன், ஓசை போய்விட்டது. கேஜில் நிலையாக 3.6 பார், மெஷின் மூடும்போது 8 வரை துள்ளுகிறது. ஒரு மக் தண்ணீர் பிடித்தாலே பம்ப் ஓடி நிற்கிறது, இது சரிதானா?

ஆங்கிள் வால்வு பதில்:

சரியில்லை. உங்கள் பிரஷர் டேங்கில் காற்று போயிருக்கிறது. நல்ல டேங்க் என்றால் மக் தண்ணீருக்கு பம்ப் எழவே எழாது. பம்ப் கரண்டை நிறுத்தி, ஒரு டேப்பைத் திறந்து லைனை வடித்துவிட்டு, டேங்க் தலையில் இருக்கும் சைக்கிள் வால்வை அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே காற்றையும் தண்ணீரையும் பிரிக்கும் ரப்பர் பை (பிளாடர்) கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டும். காற்று மட்டும் வந்தால் பம்ப் தொடங்கும் அழுத்தத்துக்கு 0.2 பார் குறைவாக நிரப்புங்கள்: 2 பாரில் எழும் பம்புக்கு 1.8. டேங்கில் தண்ணீர் இருக்கும்போது அளந்தால் எண் பொய் சொல்லும், இதில்தான் பலர் தவறுவார்கள்.

3.6-லிருந்து 8 என்பது 4.4 பார் ஏற்றம், அதாவது நொடிக்கு 0.9 மீட்டர் வேகம். வாத்தியார் கணக்கோடு ஒத்துப்போகிறது. சாதாரண சிபிவிசி குளிர்ந்த நீரில் 27 பார் வரை தாங்கும் என்பதால் பைப் உடனே வெடிக்காது. தினம் அடி வாங்குவது ஹோஸும் மரையுள்ள இணைப்புகளும்தான். 82 டிகிரியில் அதே பைப்பின் தாங்குதிறன் 7 பாருக்கு இறங்கிவிடும், அதனால் மெஷினுக்கு வெந்நீர் லைனும் இருந்தால் அதற்கும் தனியாக ஓர் அரெஸ்டர்.

டேங்கைச் சரிசெய்த பிறகும் "டொம்" இருந்தால், முக்கால் இஞ்ச் மரை உள்ள அரெஸ்டரை மெஷின் டேப்புக்கும் ஹோஸுக்கும் நடுவில் மாட்டுங்கள். வால்விலிருந்து 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும், பம்ப் பக்கத்தில் மாட்டினால் பலனில்லை. பிஸ்டன் வகையை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். ஹோஸ் நட்டில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், அங்கே கசிவை அடைப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று போதும்.