ஏறிவிட்டான், இறங்க முடியவில்லை

[பாளை வீடு – குடும்பக் குழு, சனிக்கிழமை காலை]

கடைக்குட்டி: யாராவது மொட்டை மாடிக்கு வாருங்கள். துணி எடுக்க ஏறி வந்துவிட்டேன். இறங்க முடியவில்லை.

சித்தப்பா: ஏறத் தெரிந்தவனுக்கு இறங்க என்ன கேடு?

கடைக்குட்டி: தொடை வெட்டி இழுக்கிறது சித்தப்பா. வியாழக்கிழமைதான் ஜிம்மில் சேர்ந்தேன். தண்டால், பிறகு தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழும்புவது. அன்று ஒரு வலியும் இல்லை. இன்றைக்குப் பல் துலக்கக் கை வாய்க்கு வர மறுக்கிறது, வாய்தான் கைக்குப் போக வேண்டியிருக்கிறது.

அண்ணன்: விடியற்காலையில் கழிப்பறைக்குள்ளிருந்து "முருகா, முருகா" என்று கேட்டதே, அது நீதானா?

கடைக்குட்டி: உட்கார்ந்துவிட்டேன் அண்ணா. எழுந்திருக்கக் குழாயைப் பிடித்துத் தொங்கினேன்.

ஆச்சி: பிள்ளைக்குக் கண் பட்டிருக்கிறது. அந்தியில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறேன்.

சித்தப்பா: கண்ணும் இல்லை, மண்ணும் இல்லை அம்மா. லாக்டிக் அமிலம் தசையில் தேங்கியிருக்கிறது. எலுமிச்சம்பழச் சாறு குடித்தால் கரைந்துவிடும்.

மதினி: மாமா, பாவம் அந்த அமிலம். உடற்பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது ரத்தத்தைவிட்டுப் போய்விடும். மூன்றாம் நாள் வலிக்கு அதன்மேல் எப்படிப் பழி போடுவது? 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் விரல் தசைகளைச் சோதித்து, மறுநாள் வரும் வலிக்குக் காரணம் தசைக்குள் ஏற்படும் கிழிசல்தான் என்று எழுதிவிட்டார். எங்கள் பிசியோதெரபி வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான்.

சித்தப்பா: கிழிசல் என்றால் அன்றைக்கே வலிக்க வேண்டாமா?

மதினி: கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சேதம் மாமா. அதைச் சரிசெய்ய உடம்பு வேலையைத் தொடங்கும்போது வீக்கமும் வலியும் மெல்ல மெல்ல ஏறும். 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே தணியும்.

அண்ணன்: ஏறும்போது வராத வலி இறங்கும்போது மட்டும் ஏன்?

மதினி: ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். தசையை அதிகம் வாட்டுவது இந்த நீளும் வேலைதான். வியாழக்கிழமை கம்பியோடு கீழே உட்கார்ந்தபோது நடந்ததும் இதுவே.

ஆச்சி: பிசானப் பருவ நெல் நடவுக்கு முதல் நாள் வயலில் இறங்கினால் மறுநாள் எங்களுக்கு இடுப்பு நிமிராது. அதற்காக வீட்டில் படுத்துக்கொண்டோமா? நாலு நாளில் வலி போன இடம் தெரியாது. அடுத்த வயலுக்குப் போனால் அவ்வளவாக வலிக்கவும் செய்யாது.

மதினி: ஆச்சி சொல்வதுதான் சரி. அதே வேலையை அடுத்த முறை செய்தால் வலி வெகுவாகக் குறைந்துவிடும். தசை பழகிக்கொள்கிறது. கொழுந்தனாரே, ஒன்று கேட்கிறேன், வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது?

கடைக்குட்டி: மதினி, இது குடும்பக் குழு!

மதினி: அதனால்தான் கேட்கிறேன்.

கடைக்குட்டி: மஞ்சள்தான்.

மதினி: நல்லது. கருங்காப்பி நிறத்தில் போனாலோ, தொடை கல்லாக வீங்கினாலோ, அரை மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை அதிகமாகச் சிதைந்தால் அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வலி மாத்திரையை வாங்கி விழுங்கவும் வேண்டாம். தண்ணீர் குடியுங்கள், வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடங்கள்.

ஆச்சி: நல்லெண்ணெயைச் சூடுகாட்டித் தேய்த்துவிடவா?

மதினி: மெதுவாகத் தேய்க்கலாம் ஆச்சி. அழுத்தி உருவிவிடாதீர்கள்.

கடைக்குட்டி: இதெல்லாம் சரி, நான் இன்னும் மாடியில்தான் நிற்கிறேன்.

மதினி: கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப் பாருங்கள். தொடைக்குச் சற்று இதமாக இருக்கும். அண்ணன் கீழே நிற்பார்.

அண்ணன்: நானா? நாங்கள் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் புறப்பட்டுவிட்டோம். வருகிறாயா?

கடைக்குட்டி: ஆற்றுக்கும் படி இறங்க வேண்டுமே! எனக்கு வாளித் தண்ணீர் போதும்.

சித்தப்பா: வாளியை யார் தூக்குவது?