முன்பதிவு இல்லாமல் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை: வேனிலேயே தங்கிப் பயணம் செய்ய வழி கேட்கிறேன்

கொங்குச்சக்கரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோயம்புத்தூரில் வசிக்கிறோம். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளை எடுத்துவிட்டு, நான்கு பேர் படுக்கும் பலகைக் கட்டில், சிறிய அடுப்பு மேடை, 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கையில் தூக்கிச் செல்லக்கூடிய கழிப்பறைப் பெட்டி ஆகியவற்றைப் பொருத்தியிருக்கிறோம். மாற்றங்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையாக அனுமதி பெற்று, பதிவுச் சான்றிலும் ஏற்றிவிட்டோம்.

தை மாதத்தில் மனைவி, எழுபது வயதைக் கடந்த அப்பா, எட்டு வயது மகள் ஆகியோருடன் பன்னிரண்டு நாள் பயணம் போக எண்ணியிருக்கிறேன். மதுரை, சிவகங்கை, திருவாடானை வழியாகத் தொண்டியில் கடலைத் தொட்டு, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம், ராமேசுவரம், தனுஷ்கோடி பார்த்துத் திரும்பி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி மாவட்டத்துக்குள் இறங்குவது திட்டம். எங்கும் அறை பதிவு செய்யாமல், பிடித்த இடத்தில் ஒரு நாள் கூடுதலாக இருந்து, பிடிக்காத இடத்தை உடனே விட்டுப் போக வேண்டும் என்பதே இந்த வண்டியைக் கட்டியதன் நோக்கம். அந்தக் கரையில் இது நடக்குமா? இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது, தண்ணீருக்கும் கழிவுக்கும் என்ன செய்வது என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

உச்சிப்புளியான் எழுதியது:

தம்பி, நடக்கும். எங்கள் பக்கத்தில் வேனுக்கென்று பதிவு செய்து தங்கும் இடம் ஏதும் என் கண்ணில் பட்டதில்லை என்பதால், முன்பதிவு செய்ய நினைத்தாலும் உங்களுக்கு வழி இருக்காது. காலங்காலமாகச் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு, வழியில் உலை வைத்துச் சாப்பிட்டு, வண்டிக்கு அருகிலேயே பாய் விரித்துப் படுத்து ராமேசுவரம் வந்து போகிறவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது இடத்தை விட நாளைத்தான்.

தை அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது என்று முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். அன்றும் அதற்கு முந்தைய நாளும் அக்னி தீர்த்தக் கரையில் நீராடவும் முன்னோர்க்குத் திதி கொடுக்கவும் வரும் கூட்டத்தில் தீவுக்குள் வண்டி நகர்வதே கடினம். பொங்கல் விடுமுறையும் ஐயப்ப பக்தர்கள் வருகையும் தை முதல் நாள்களில் சேர்ந்துகொள்ளும். ஆகவே அமாவாசை கழிந்து இரண்டு நாள் விட்டு, வாரத்தின் நடுவில் பாம்பன் பாலத்தைக் கடக்கும்படி திட்டமிடுங்கள். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படம் பிடிக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தைப் பார்க்க ஆசையிருந்தால், பாலம் தாண்டியதும் பாம்பன் ஊருக்குள் இறங்கிக் கரையில் நின்று பார்க்கலாம். ராமேசுவரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்குள் உங்கள் வண்டியைக் கொண்டுபோகாமல், ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோவில் போய்வாருங்கள்.

தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது. மாலையில் அனைவரையும் வெளியேற்றிவிடுவார்கள், கடல் கொந்தளிக்கும் நாள்களில் சாலையையே மூடிவிடுவார்கள். 1964 டிசம்பர் புயல் ஊரையே அழித்த பிறகு பல ஆண்டுகள் மணலில் ஜீப்பில்தான் போய்வந்தோம். 2017-இல்தான் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச் சாலை திறந்தார்கள். அந்தச் சாலையில் எவ்வளவு அழகான இடம் தென்பட்டாலும் தாரின் விளிம்பை விட்டு ஒரு சக்கரத்தைக்கூட இறக்க வேண்டாம். மேலே கெட்டியாகத் தெரியும் மணல் உங்கள் வண்டியின் பாரத்தைத் தாங்காது. தை, மாசியில் ஆமைகள் முட்டையிடக் கரையேறும் இடமும் அதுதான் என்பதால், மணலில் விளக்கு வைத்துக்கொண்டு உட்காருவதும் கூடாது.

இரவுக்கு எந்தக் கரையில் நிற்பது என்பதற்குக் காற்றைப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் நிலம் மிகவும் குறுகலானது. வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும். வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள், ஆனால் வாடை வீசும் காலத்தில் பெண் கடல்தான் சீறும். தையிலும் வாடை முழுதாக ஓய்ந்திருக்காது. தேவிபட்டினம், அரியமான் போன்ற வடகடல் இடங்களைப் பகலில் பார்த்துவிட்டு, இரவில் தெற்குப் பக்கமோ, கடலை விட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளேயோ வந்துவிடுங்கள். ஆனி, ஆடியில் வந்தால் கதை தலைகீழ்: அப்போது கச்சான் காற்று, தென்கடலில் நிற்க முடியாது.

வேன்காரர் எழுதியது:

பெரியவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. நான் இருபது ஆண்டுகளாக இந்தச் சாலையில் யாத்திரை வேன் ஓட்டுகிறவன் என்பதால் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இங்கே டயருக்கு எமன் சீமைக் கருவேல முள். சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டத்துக்கு வெட்டிய விறகை ஏற்றிப் போகும் வண்டிகளிலிருந்து கிளைகள் சாலையோரத்தில் விழுந்து கிடக்கும். நிழலைப் பார்த்து ஓரம் கட்டினால், முள் ஏறியது அப்போது தெரியாது. மறுநாள் காலையில் சக்கரம் படுத்திருக்கும். மாற்றுச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள், இறங்கும் இடத்தைக் காலால் நடந்து பார்த்த பிறகு வண்டியை இறக்குங்கள். ராமேசுவரத்தைத் தாண்டினால் டீசல் கிடைக்காது, அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி போய்வந்ததும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும்.

தண்ணீர்க் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் மாவட்டத்துக் கரையோரத்தில் பெரும்பாலான கிணறும் ஆழ்துளையும் உப்பு. குடிக்கும் தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்கள் அவை. குளிப்பதை வெளியே வைத்துக்கொண்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று கட்டுப்படுத்தினால் உங்கள் தொட்டி மூன்று நாள் தாங்கும். கிராமத்துத் தெருக்குழாயில் மட்டும் குழாய் மாட்டி நிரப்பாதீர்கள். அங்கே பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள், அதன் பிறகு அந்த ஊரில் உங்களுக்கு எந்த உதவியும் கிடைக்காது. ராமநாதபுரம் நகரத்தில் லாரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ பணம் கொடுத்து நிரப்பிக்கொள்வதே மரியாதை.

முகவைமருமகள் எழுதியது:

அண்ணா, நாங்கள் மாமியாரையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு இதேபோல் ஒன்பது நாள் சுற்றியிருக்கிறோம். முன்பதிவே வேண்டாம் என்பதில் எனக்குப் பாதி உடன்பாடுதான் உண்டு. வயதானவர் உடன் வரும்போது மூன்று இரவுக்கு ஒரு இரவாவது அறை எடுத்துவிடுங்கள். குளியல், துணி துவைத்தல், கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்தல், தொட்டி நிரப்புதல் என எல்லா வேலையும் அந்த ஒரே இடத்தில் முடிந்துவிடும். ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் சாதாரண நாள்களில் மாலையில் போய்க் கேட்டே அறை வாங்கினோம். ராமேசுவரத்துக்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் அங்கே இருக்கிறது. நாங்கள் அப்படிச் செய்யாமல் ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணி வரை படியேறி இறங்கினோம். கடைசியில் ஒரு விடுதியில் வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு கேட்டார்கள், கொடுத்துவிட்டுப் படுத்தோம்.

இன்னோர் இரவு, ஆளில்லாத கடற்கரையில் சவுக்குத் தோப்பின் ஓரமாக நிறுத்தித் தூங்கினோம். இரண்டு மணிக்கு ரோந்து வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். கடல் வழியாகக் கடத்தல் நடக்கும் கரை என்பதால், வெளியூர் எண் போட்ட, திரை மூடிய வேன் ஒன்று கடலை ஒட்டி நின்றால் அவர்கள் விசாரிக்கத்தானே செய்வார்கள்? அடையாள அட்டைகளைப் பார்த்து மரியாதையாகவே பேசினார்கள், ஆனால் அதற்குப் பிறகு மாமியார் கண் மூடவில்லை. அன்றிலிருந்து விளக்கும் ஆளும் இருக்கும் இடங்களில் மட்டுமே நிறுத்தினோம்: பெட்ரோல் பங்க், கோயில் வாசல், தேவாலய வளாகம், தர்கா அருகில் உள்ள வெளி. ஓரியூர் அருளானந்தர் தேவாலயம், உத்தரகோசமங்கை, ஏர்வாடி போன்றவை வெளியூர் மக்கள் வந்து தங்கிப் பழகிய இடங்கள் என்பதால் அங்கே கேட்பதில் கூச்சம் இருக்காது. ஏர்வாடி சந்தனக்கூடு பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் தேதி முன்னே நகரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிவைக் கடலிலோ கருவேலங்காட்டிலோ கொட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கட்டணக் கழிப்பறை நடத்துகிறவரிடம் விஷயத்தைச் சொல்லி, கூடுதலாகப் பணம் கொடுத்துவிட்டு அங்கே ஊற்றி, நீங்களே கழுவிவிட்டு வாருங்கள்.

கொங்குச்சக்கரம் எழுதியது:

ஐயா, அண்ணன், சகோதரி, மூவருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன். தை அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் தொண்டியில் தொடங்கி, காரங்காட்டில் வனத்துறைப் படகில் அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு, முதல் இரவு ஓரியூரில் கேட்டுப் பார்க்கிறேன். ராமேசுவரத்துக்கு இரண்டு இரவு மட்டும் அறை பதிவு செய்கிறேன். தனுஷ்கோடிக்கு விடியற்காலையில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்புவோம். மீதமுள்ள இரவுகள் திறந்தே இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி: பங்கிலோ கோயிலிலோ இடம் கேட்க எத்தனை மணிக்குப் போவது சரியாக இருக்கும்?

உச்சிப்புளியான் எழுதியது:

ஐந்து மணிக்குள் போய்விடுங்கள் தம்பி. இல்லை என்று சொன்னால் வெளிச்சம் இருக்கும்போதே அடுத்த இடம் தேட நேரம் கிடைக்கும். பங்கில் என்றால் முதலில் டீசல் போட்டுவிட்டுக் கேளுங்கள், இரவு லாரிகள் வந்து திரும்பும் பாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள், வண்டிக்குள்ளும் அடுப்பு பற்றவைக்க வேண்டாம். கேட்கப் போகும்போது நீங்கள் மட்டும் போகாமல் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது.