பெனால்டியை கழிச்சுட்டு சொல்லுங்க, சேத்ரி ஹாட்ரிக் எத்தனை?

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
நேத்து ராத்திரி நம்ம வேலூர் குரூப்புல ஒரு தம்பி போட்டோ போட்டு எழுதி வெச்சிருக்கான், "இந்தியா புட்பால் டீமுக்கு ஹாட்ரிக்னாலே, அதாவது ஒரே மேட்ச்சுல மூணு கோல்னாலே, சுனில் சேத்ரி தான், 4 வாட்டி போட்டாச்சு, மத்ததெல்லாம் பழைய பேப்பர்காரனுக்கு போடுற கதை"னு. அதுக்கு கீழ வரிசையா ஹார்ட்டு வேற. யாருக்கு ஹார்ட்டு விடறோம்னு தெரிஞ்சு தான் விடறீங்களாப்பா? 1956 டிசம்பர் 1, மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ், கால் இறுதி, ஆஸ்திரேலியாவ அவன் ஊர்லயே வெச்சு 4-2. நம்ம நெவில் டிசூசா கோல் போட்டது 9வது நிமிஷம், 33வது நிமிஷம், 50வது நிமிஷம். ஒலிம்பிக்ஸ்ல ஹாட்ரிக் அடிச்ச மொதோ ஆசியாக்காரன். மூணுல ஒன்னு கூட பெனால்டி கிடையாது. இவரு பழைய பேப்பரு, ரெண்டு பெனால்டி வாங்கி ஹாட்ரிக் ஆக்குனவரு தங்கம். நல்லா இருக்குது உங்க நியாயம்.

காட்பாடி எக்ஸ்பிரஸ்:
அந்த தம்பி நாந்தான் சார். பேரச் சொல்லியே திட்டியிருக்கலாம், எதுக்கு ஜாடை. லிஸ்ட்டு தரேன் எழுதிக்கோங்க. 2008 ஆகஸ்ட் 13, ஆசிய புட்பால் சங்கம் (ஏ.எஃப்.சி.) நடத்துன சேலஞ்ச் கப் பைனல், டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியம், தஜிகிஸ்தான் மேல, 4-1. 2010 புனே, வியட்நாம் மேல, 3-1, மூணும் அவரே. 2018 ஜூன் 1 மும்பை, சைனீஸ் தைபே, அதான் தைவான் டீமு, 5-0. 2023 ஜூன் 21 பெங்களூரு, பாகிஸ்தான், 4-0. நாலு. இந்தியாவுல வேற எவனாவது நாலு போட்டிருந்தா பேர் சொல்லுங்க, நான் அந்த போட்டோவ டெலிட் பண்ணிட்டு போயினே இருக்கேன்.

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
நாலாவதுல தான் சண்டையே. பாகிஸ்தான் மேட்ச்சு, 16வது நிமிஷம் பெனால்டி, 74வது நிமிஷம் பெனால்டி. ரெண்டு பெனால்டி. மீதி இருக்குறது 10வது நிமிஷ கோலு, அது அவங்க ஆளே கோல்கீப்பருக்கு பின்னாடி தள்ளி விட்ட பால அவன் கால்ல அடக்க தெரியாம உருட்டி விட்டான், இவரு போய் தட்டி விட்டாரு. பெனால்டிய கழிச்சா ஒன்னு. கோல்கீப்பர் போட்ட தர்மத்தையும் கழிச்சா பூஜ்யம்.

ஆம்பூர் லெதர் பாய்:
சலாம் சார். 2022 வேர்ல்டு கப் பைனல்ல எம்பாப்பே போட்டான் பாருங்க ஹாட்ரிக், 80வது நிமிஷம் பெனால்டி, அடுத்த நிமிஷமே ஒன்னு, அப்பால 118வது நிமிஷம் மறுபடி பெனால்டி. ரெண்டு பெனால்டி. உலகமே ஹாட்ரிக்னு தான் சொல்லுது. நீங்க பிரான்சுக்கு லெட்டர் எழுதுங்க, இல்ல சார் உங்க ஆளு போட்டது ஒன்னு தான்னு.

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
பாய், அவன் அடிச்சது அர்ஜென்டினா மேல. இவரு அடிச்சது மேட்ச் அன்னிக்கு தான் பெங்களூருலயே வந்து இறங்குன டீம் மேல. விசா லேட்டாகி தூங்காம வந்தவன். ரெண்டும் ஒன்னா?

ஆம்பூர் லெதர் பாய்:
அப்போ உங்க பிரச்சினை பெனால்டியா, எதிராளியா? ஒன்ன புடிச்சு நில்லுங்க சார்.

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
ரெண்டும் தான்.

குடியாத்தம் அக்கா:
ஒரு நிமிஷம். மொதல்ல ஹாட்ரிக்னா எது கணக்குனு ஒரு முடிவுக்கு வாங்களேன். ஒரே மேட்ச்சுல ஒருத்தரே மூணு கோல்னா பெனால்டியும் அதுல அடக்கம். இல்ல வலது கால், இடது கால், தலைனு மூணு விதமா தான் இருக்கணும்னா அதையாவது சொல்லுங்க. ஒலிம்பிக்ஸ் மேட்ச்ச சர்வதேச மேட்ச்சா எடுத்துக்கலாமானு அதுவே தனி பஞ்சாயத்து. இதெல்லாம் பேசாம நாலு, ஒன்னுனு எதுக்கு கத்தினு இருக்கீங்க?

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
அம்மா, ரெண்டு பெனால்டி. அதுல டெபனிஷன் இன்னா வேண்டிக்கீது?

சத்துவாச்சாரி சரவெடி:
மாஸ்டர் சொல்றது தான் கரெக்ட்டு. அந்தக் காலத்துல பூட்டு கூட இல்லாம வெறுங்காலோட ஆடி ஆஸ்திரேலியாவ அடிச்சாங்க, நெவில் டிசூசா வெறுங்கால்ல போட்ட கோலும் இப்ப ஸ்பான்சர் குடுத்த கலர் பூட்டுல போடற கோலும் ஒன்னா?

ஆம்பூர் லெதர் பாய்:
யோவ் சரவெடி, எவன்யா உனக்கு சொன்னான். வெறுங்கால்ல ஆடுனது 1948 லண்டன்ல. 1952 ஹெல்சிங்கிலயும் நெறைய பேரு வெறுங்காலு, குளுருல வெறைச்சு போயி யூகோஸ்லாவியா கிட்ட 10-1 வாங்கினு வந்தாங்க. அதுக்கப்பால தான் பூட்டு போட்டே ஆகணும்னு ஆச்சு. 1956 மெல்போர்ன்ல மொத்த டீமும் பூட்டு. எங்க ஊர்ல காலைல இருந்து தோலும் சோலும் தான் பாத்துனு இருக்கோம், எங்ககிட்டயே வந்து வெறுங்கால் கதை வுடற.

சத்துவாச்சாரி சரவெடி:
பூட்டு தைக்கிற ஊர்ல பொறந்தா புட்பால் ஹிஸ்டரி தெரியும்னா, கத்தரிக்காய்க்கு பேர்போன இலவம்பாடில பொறந்தவன்லாம் கத்தரிக்கா டாக்டரா?

ஆம்பூர் லெதர் பாய்:
பதில் இல்லனா கத்தரிக்கா. சரி. மாஸ்டருக்கு தான் ஒரு கேள்வி, 1948ல பிரான்ஸ் மேல நம்மாளுங்க 2-1ல தோத்தாங்களே, நம்ம பக்கம் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டாரு, அதே மேட்ச்சுல நமக்கு ரெண்டு பெனால்டி கெடைச்சுது, ரெண்டையும் விட்டுட்டோம். பெனால்டினா சும்மா கண்ண மூடினு போடறதுனு சொல்றீங்களே, அப்ப அந்த ரெண்டும் எங்க போச்சு சார்? அது உள்ள போயிருந்தா ஜெயிச்சிருக்கோம்ல? சைலன் மன்னா மாதிரி பெரிய பிளேயரே அடிச்சு விட்டுட்டாரு. ப்ரெஷர்ல பெனால்டி அடிக்கிறது ஒரு வேலை. அத ஒரே மேட்ச்சுல ரெண்டு வாட்டி ஒழுங்கா செஞ்சவன தான் நீங்க கழிச்சு கழிச்சு பூஜ்யமாக்குறீங்க.

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
மன்னாவ இழுக்காதீங்க. ஹாட்ரிக் பத்தி பேசுறோம்.

காட்பாடி எக்ஸ்பிரஸ்:
பாய் செம. இப்போ நான் கேக்குறேன், மெல்போர்ன்ல நம்மாளுங்க மொத ரவுண்டே ஆடல. ஹங்கேரி வரலனு வாக்ஓவர், நேரா கால் இறுதி. ஃபிரெஷ்ஷான காலோட ஆடுனாங்க. பாகிஸ்தான் விசா லேட்டுனு கழிச்சா, ஹங்கேரி வராததையும் கழிங்க. அதே ஒலிம்பிக்ஸ்ல அப்பால யூகோஸ்லாவியா கிட்ட 4-1, பல்கேரியா கிட்ட 3-0. நாலாவது எடம். பெருமை தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா கழிக்கிறதுனு ஆரம்பிச்சா எல்லாரையும் கழிக்கணும்.

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
ஏய் தம்பி, யாரக் கழிக்கிற? அந்த யூகோஸ்லாவியா மேட்ச்சுல நம்ம பக்கம் வந்த ஒத்த கோலும் நெவில் டிசூசா போட்டது தான், தெரியுமா? அந்த ஒலிம்பிக்ஸ்ல மொத்தம் 4 கோலு, அதிக கோல் போட்டவங்க லிஸ்ட்ல மூணு பேரு சமமா மொதல்ல நின்னாங்க, அதுல இவரு ஒருத்தரு. ஆஸ்திரேலியாக்காரன் தோத்தத ஒத்துக்க முடியாம பொலம்ப, அப்பால டிசம்பர் 12ல சிட்னில மறுபடி ஆடுனாங்க, 7-1. ஏழு. பேப்பர்ல வந்தத அப்பா படிச்சு சொன்னாருன்னு எங்க வீட்ல இன்னும் பேசுவோம். கோச்சு யாரு, ஹைதராபாத் ரஹீம் சாப். அந்த மாதிரி டீம்ல நின்னு மூணு போட்டவர போயி ஹங்கேரி வரலன்னு சொல்றான் பாரு. பாதி ஆட்டத்துல 2-2ல நின்னுது, செகண்ட் ஆஃப் தொடங்குன அஞ்சாவது நிமிஷம் மூணாவத எறக்குனாரு. நாலாவது கோலு ஜே. கிருஷ்ணசாமி, கிட்டுனு கூப்புடுவாங்க. அவரு பேராவது இந்த போட்டோ போடற பசங்களுக்கு தெரியுமா? போனத் தூக்கி 4 நம்பர் போட தெரியும், அவ்ளோ தான். அவங்களுக்கு ரீலு தான் ரெக்கார்டு புக்கு.

காட்பாடி எக்ஸ்பிரஸ்:
தெரியும் சார். நான் இதையும் தெரிஞ்சு வெச்சிருக்கேன், 2018ல சைனீஸ் தைபே மேல அவரு ஹாட்ரிக் போட்டப்ப மும்பை ஸ்டேடியத்துல 2,569 பேரு தான். மறுநாளு அவரு வீடியோ போட்டு கெஞ்சுனாரு, எங்கள திட்டறதுக்காகவாவது வாங்கனு. அப்புறம் தான் கென்யா மேட்ச்சு ஃபுல்லாச்சு. அந்த ஹாட்ரிக்ல ஒரு பெனால்டியும் கிடையாது. அத பத்தி ஒரு வார்த்த வருதா உங்ககிட்ட இருந்து? 2023 பாகிஸ்தான் மேட்ச்சுக்கு நான் காட்பாடில ரயில் ஏறி போனவன். கண்டீரவா ஸ்டேடியத்துல கொட்டுது மழை, கொடைய புடிக்க விடல பின்னாடி இருந்தவன், நனைஞ்சுனே பாத்தேன். ஆஃப் டைமுக்கு கொஞ்சம் முன்னாடி அப்ப நம்ம கோச்சா இருந்த ஸ்டிமாச்சு, த்ரோ போட வந்த பாகிஸ்தான்காரன் கைல இருந்து பால தட்டி விட்டு ரெட் கார்டு வாங்குனாரு, மொத்த கூட்டமும் எழுந்து நின்னுச்சு. அப்ப சேத்ரிக்கு வயசு 38. 74வது நிமிஷ பெனால்டி அவர கீழ தள்ளுனதால தான் வந்துச்சு, சும்மா ரெஃப்ரி தானம் பண்ணல. ஓடி ஓடி உள்ள போறவனுக்கு தான் பெனால்டி கெடைக்கும். ஊட்ல ஸ்கோர் கார்டு பாத்துனு கழிச்சல் கணக்கு போடறவங்களுக்கு இது புரியாது.

சத்துவாச்சாரி சரவெடி:
கொடை புடிக்க விடலனா எதுக்குடா கொடை எடுத்துனு போன.

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
மழை, கொடை, ரெட் கார்டு, எல்லாம் சொன்னியே, பெனால்டி ரெண்டுன்றத மறுக்கல பாத்தியா.

காட்பாடி எக்ஸ்பிரஸ்:
யார் சார் மறுத்தா???

குடியாத்தம் அக்கா:
நீங்க எல்லாம் ஆம்பள டீமையே இந்திய டீம்னு பேசினு இருக்கீங்க. 2025 ஜூன்ல நம்ம பொண்ணுங்க ஆசியக் கோப்பை குவாலிஃபையர்ல மங்கோலியாவ 13-0னு அடிச்சாங்க, அதுல பியாரி காக்சா ஒருத்தியே அஞ்சு கோலு. அதுக்கப்பால தாய்லாந்த 2-1ல அடிச்சு 2026 ஆசியக் கோப்பைக்கே போனாங்க. குரூப்புல எவன் ஹார்ட்டு விட்டீங்க? ஒருத்தனும் இல்ல.

சத்துவாச்சாரி சரவெடி:
மங்கோலியா எல்லாம் ஒரு டீமா அக்கா.

குடியாத்தம் அக்கா:
அதானே பாத்தேன். சைனீஸ் தைபேனா சாதனை, மங்கோலியானா ஒரு டீமா. உங்களுக்கு எதிராளி யாருன்றதே ஆள் பாத்து மாறுது.

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
அம்மா சொல்றது ஒரு வகைல என் கட்சி தான். எதிராளி முக்கியம். அதனால தான் சொல்றேன், 1956 ஆஸ்திரேலியா வேற, 2023 பாகிஸ்தான் வேற.

குடியாத்தம் அக்கா:
நான் உங்க கட்சி இல்ல சார், என்ன சேத்துக்காதீங்க.

ஆம்பூர் லெதர் பாய்:
மாஸ்டர், இவ்ளோ நேரம் மரியாதைக்கு அடக்கினு இருந்தேன், இப்ப சொல்லிடறேன். பெனால்டி மேல இவ்ளோ வெறுப்பா இருக்கீங்களே, கோட்டை மைதானத்துல நடந்த அந்த பொங்கல் டோர்னமெண்ட் பைனல்ல விசில் வெச்சினு இருந்தது யாரு? கடைசி நேரத்துல எங்க டீம் மேல பெனால்டி குடுத்தது யாரு? பால் எங்க ஸ்டாப்பர் தோள்ல பட்டுச்சு, தோள்ல. நீங்க பாதி கிரவுண்டுல இருந்து ஓடியாந்து பெனால்டி புள்ளிய கைகாட்டுனீங்க. அந்த கோல கழிக்கலாமா இப்போ? கழிச்சா கப்பு எங்க ஊருக்கு வரணும்.

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
அது கை.

ஆம்பூர் லெதர் பாய்:
தோளு.

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
லைன்ஸ்மேனையும் கேட்டு தான் குடுத்தேன். அக்குளுக்கு கீழ பட்டா அது தோள் இல்ல, கை தான், ரூல் புக்க படிங்க. அப்பவே உங்க பசங்க என் சைக்கிள்ல காத்த புடுங்கி விட்டாங்க, நான் ஒருத்தர் கிட்டயும் சொல்லல, பெரிய மனுஷனா விட்டுட்டேன். அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?

காட்பாடி எக்ஸ்பிரஸ்:
ஐயோ இது வேறயா. சார், அப்ப அந்த பெனால்டி கோல் செல்லும், சேத்ரி பெனால்டி கோல் மட்டும் செல்லாது. சூப்பர் சார். 1938ல ஆஸ்திரேலியா டூர்ல நம்மாளு லம்ஸ்டன் ஹாட்ரிக் போட்டாரு, அதையும் பேசலாம்னு வந்தேன். விடுங்க. சைக்கிள் காத்தே பெரிய மேட்டரா கீது.

சத்துவாச்சாரி சரவெடி:
லம்ஸ்டனும் வெறுங்காலா?

ஆம்பூர் லெதர் பாய்:
சரவெடி நீ கெளம்பு.

சத்துவாச்சாரி சரவெடி:
நான் ஏன் கெளம்பணும், குரூப்பு உன் அப்பன் ஊட்டு சொத்தா?

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
பேச்ச மாத்தாதீங்க எல்லாரும். நான் கேட்டது ஒரே கேள்வி. பெனால்டிய கழிச்சா பாகிஸ்தான் மேட்ச்சுல எத்தன? நம்பர் மட்டும் சொல்லுங்க.

ஆம்பூர் லெதர் பாய்:
நம்பரா? மூணு சார், மூணு. நீங்க மொதல்ல இத சொல்லுங்க, அன்னிக்கு லைன்ஸ்மேனா நின்னது உங்க மச்சான் தானே?

வாலாஜா பி.டி. மாஸ்டர்:
மச்சான் இல்ல, சகலை. அவரு முறையா பரீட்சை எழுதி பாஸ் பண்ண ரெஃப்ரி.

ஆம்பூர் லெதர் பாய்:
சகலையாம்! கேட்டுக்கோங்கப்பா எல்லாரும்.