பியர்ஸ்டாட்டின் ‘கடைசி எருமைகள்’ முன்னால்

வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்துக்கு வேறு எதையோ பார்க்கப் போனவள், ஆல்பர்ட் பியர்ஸ்டாட் 1888இல் வரைந்த ‘கடைசி எருமைகள்’ முன்னால் நின்றுவிட்டேன். ஆள் உயரம், மூன்று மீட்டர் அகலம். ஆறு, பனிமலை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பைசன், அதாவது அமெரிக்கக் காட்டெருமை மந்தை. நடுவில் வெள்ளைக் குதிரையில் ஈட்டியோடு ஒரு பூர்வகுடி வேடர். அந்தக் குதிரையைக் கொம்பால் முட்டுகிறது ஒரு பைசன். முதலில் கண் அங்கேதான் போகும்.

அப்புறம் கிட்டே போனேன். கீழே, காய்ந்த புல்லுக்குள் வெளுத்துப்போன மண்டையோடுகள். கொம்பு மட்டும் கறுப்பு. அதைப் பார்த்த பிறகு மேலே இருக்கும் மந்தையை நம்ப முடியவில்லை. அவர் வரைந்த காலத்தில் அப்படி ஒரு மந்தையே கிடையாது. விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே 1889இல் போட்ட கணக்குப்படி, எஞ்சியிருந்தவை மொத்தம் 1,091. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்த விலங்கு!

ஓவியம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒன்றை மன்னிக்க முடியவில்லை. கொல்பவராக அந்த வேடரைத்தான் காட்டுகிறார். துப்பாக்கியோடு வந்து தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலை அழுகவிட்டுப் போனவர்கள் படத்தில் இல்லை. அந்தத் தோலை ஏற்றிப்போன ரயிலும் இல்லை. ஆலை இயந்திரங்களுக்குப் பட்டையாக ஓடியது அந்தத் தோல்தான். 1889 பாரிஸ் கண்காட்சிக்கு இந்த ஓவியத்தை அமெரிக்கத் தேர்வுக்குழு அனுப்ப மறுத்தது, பாணி பழசாகிவிட்டது என்று. படத்தில் இல்லாத அந்தத் தோல் வேட்டைக்காரர்களைப் பற்றி அவர்கள் கேட்டிருக்கலாம்.

•

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காதான் ஞாபகம் வந்தது. லாமர் பள்ளத்தாக்கில் ஒரு பைசன் சாலையை மறித்து நின்றது. எல்லா வண்டிகளும் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஜூன் மாதம், குளிர்கால ரோமம் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது, பழைய கம்பளி பிரிந்த மாதிரி. அது மூச்சு விடுவது கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளேயே கேட்டது. 1902இல் அந்தப் பூங்காவில் எஞ்சியவை ஏறக்குறைய இரண்டு டஜன்தான். பின்னால் மலை, ஆறு எல்லாம் அந்த ஓவியத்தில் இருப்பது போலவே. கீழே புல்லில் மண்டையோடு ஏதும் கிடக்கிறதா என்று நானும் தேடினேன். குட்டிகள்தான் படுத்திருந்தன, செங்கல் நிறத்தில்.