ஊலெஸ்: ஒரே இரவுக்கு இரண்டு நாள் காசா?

இல்ஃபோர்ட்_வான்காரன்:

வணக்கம். லண்டனில் வான் ஓடுபவர்கள் யாராவது இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கள்.

மாமா மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். மூன்று கிழமையாகக் கடை வானை நான்தான் ஓடுகிறேன். ஞாயிறு, செவ்வாய், வியாழன் இரவுகளில் பதினொன்றரைக்கு இல்ஃபோர்டில் வெளிக்கிட்டு, லேட்டனில் இருக்கிற நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தைக்குப் போவேன். சந்தை பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். முன்னதாகப் போனால் நல்ல இடத்தில் நிறுத்தலாம். சாமான் ஏற்றித் திரும்ப அதிகாலை நான்கு, நாலரை ஆகும்.

வானின் இலக்கத்தகட்டில் '62', டீசல். ஊலெஸ் (புகைத்தரம் போதாத வாகனம் லண்டனில் ஓடும் நாளுக்குக் கட்டும் காசு) கட்டவேண்டும் என்று தெரியும். அதனால் ஒவ்வொரு இரவும் வெளிக்கிடும்போதே போனில் 12.50 பவுண் கட்டிவிடுவேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நேற்று மாமாவின் பெயரில் டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து நிர்வாகம்) கடிதம். 180 பவுண் தண்டம், 14 நாளுக்குள் கட்டினால் 90. செவ்வாய் இரவு 11.35க்குக் கட்டியிருக்கிறேன், ரசீது இருக்கிறது. ஆனால் தண்டம் புதன் அதிகாலை 4.10க்கு. கட்டி ஐந்து மணித்தியாலம்கூட ஆகவில்லையே?

இன்னொன்று. படம் எடுத்த தெருவில் கமராக் கம்பமே இல்லை, போய்ப் பார்த்தேன். அன்றைக்கு மழை வேறு, தகட்டில் சேறு. இருட்டில் எப்படி வாசித்தது? வேறு வாகனத்தைப் பார்த்து மாறி எழுதியிருப்பார்களோ? மாமி சொல்கிறா, இனிச் சேற்றைக் கழுவாமலே விடட்டாம்.

மாமா என்னோடு கதைப்பதில்லை.

---

டூட்டிங்_மினிகாப்:

தம்பி, முதலில் மாமியின் கதையைக் கேளாதே. வாசிக்க முடியாத தகட்டோடு ஓடிப் பொலிஸ் பிடித்தால் 1,000 பவுண் வரை போகலாம். 12.50க்குப் பயந்து அதைத் தலையில் போடவேண்டாம்.

நான் 1999இல் வந்தவன். 2001இலிருந்து மினிகாப் (முன்பதிவு வாடகைக் கார்) ஓட்டம். நகர நடுவில் இந்தக் கமராக்களை முதன்முதலாகப் போட்ட நாளும் ஞாபகம் இருக்கிறது: 2003 பெப்ரவரி 17, நெரிசல் கட்டணம், 5 பவுண். கென் லிவிங்ஸ்டன் மேயர். ஒரு மாதத்தில் எல்லாம் குழம்பி நின்றுவிடும் என்று எங்கள் மினிகாப் அலுவலகத்தில் பந்தயம் கட்டினோம். நான் தோற்றேன். 5 பவுண் 8 ஆகி, 10 ஆகி, 2020இல் 15க்குப் போனது. நடுவில் 2007இல் கென்சிங்டன், செல்சி பக்கமும் நீட்டி, பிறகு அதை எடுத்தும் விட்டார்கள். மினிகாப்காரருக்கு விலக்கு இருந்ததால் கன வருடம் நாங்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. 2019 ஏப்ரல் 8 அன்று அந்த விலக்கு போனது. அதே நாளில்தான் ஊலெஸும் தொடங்கியது. அன்றைக்கு இரவு வீட்டில் சோறு இறங்கவில்லை.

சரி, உன் விஷயம். நீ கட்டியது 24 மணித்தியாலத்துக்கு அல்ல. 'செவ்வாய்க்கிழமை' என்ற ஒரு நாளுக்கு. அந்த நாள் நள்ளிரவு பன்னிரண்டோடு முடிந்துவிடும். 11.30க்கு வெளிக்கிட்டபோது ஒரு நாள் எரிந்தது. பன்னிரண்டு அடிக்கும்போது வான் சந்தையில் சும்மா நின்றது, அதற்குக் காசு இல்லை. நிற்கிற வாகனத்துக்கு ஊலெஸ் கிடையாது. நாலு மணிக்கு வானை எடுத்தாய் பார், அப்போது புதன்கிழமைக் கணக்கு தொடங்கியது. பிழை கமராவில் இல்லை, கலண்டரில்.

இதைச் சொல்ல மனமில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். மூன்று கிழமை, கிழமைக்கு மூன்று இரவு. ஒவ்வொரு இரவிலும் இரண்டாவது நாளைக் கட்டாமல் விட்டிருக்கிறாய். வந்தது முதல் கடிதம்தான். தபால்காரரிடம் இன்னும் இருக்கும்.

இப்பவே செய்யவேண்டியது ஒன்று. ஓடிய நாளுக்குப் பிறகு வரும் மூன்றாம் நாள் நள்ளிரவு வரை கட்டலாம். கடைசியாக எந்த அதிகாலை ஓடினாய் என்று பார். அந்தக் கெடு தாண்டவில்லை என்றால் இதை வாசித்து முடிக்காமலே போய்க் கட்டு. ஒரு 180 மிச்சம்.

---

ரெடிங்_ராகவன்:

டூட்டிங் அண்ணன் சட்டம் சொல்லிவிட்டார். இருட்டு, மழை, சேறு விஷயத்துக்கு நான் வருகிறேன். சென்னைக்காரன், பட வாசிப்பு மென்பொருள்தான் பிழைப்பு (இந்தக் கேமராவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, திட்டாதீர்கள்).

இந்த வகைக் கேமராவுக்கு இருட்டுதான் வசதி. அகச்சிவப்பு ஒளியை அடிக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. பிரிட்டிஷ் நம்பர் பிளேட்டின் வெள்ளையும் மஞ்சளும், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே திருப்பி அனுப்பும் பொருள். கறுப்பு எழுத்து திருப்பாது. அதனால் அந்தப் படத்தில் வண்டி கிட்டத்தட்ட மறைந்துபோய், பிளேட் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி நிற்கும். எதிரே வரும் ஹெட்லைட் கூச்சமும் வடிகட்டிப் போகும். லேசான சேறு ஒன்றும் செய்யாது. கூடவே வண்டியும் தெருவும் தெரிகிற மாதிரி கலர் படமும் எடுக்கிறார்கள்.

எழுத்து மாறிப்போயிருக்குமோ என்ற சந்தேகம் நியாயமானது. பிரிட்டிஷ் பிளேட்டின் எழுத்துருவில் பூஜ்யமும் 'ஓ'வும் ஒரே உருவம், ஒன்றும் 'ஐ'யும் ஒரே உருவம். ஆனால் 2001 செப்டம்பருக்குப் பிறகு வந்த பிளேட்டில் எது எங்கே வரும் என்பது நிச்சயம்: முதலில் இரண்டு எழுத்து, பிறகு இரண்டு எண், கடைசியில் மூன்று எழுத்து. மூன்றாம் இடத்தில் வட்டமாக ஏதாவது தெரிந்தால் அது எண்தான், யோசிக்கவே வேண்டாம். 'ஐ' என்ற எழுத்தையே கொடுப்பதில்லை. மனிதன் குழம்பும் இடத்தில் மென்பொருள் குழம்பாது. சேறு நடுவில் அப்பி எட்டு மூன்றாகத் தெரிந்தால், அப்போதுதான் வில்லங்கம்.

---

டூட்டிங்_மினிகாப்:

ராகவன் தம்பிக்கு நன்றி. கம்பம் இல்லாத தெரு என்கிறாய். நடமாடும் கமராவும் உண்டு, அதை வைத்த வான் தெருவோரத்தில் நிற்கும். நீ போய்ப் பார்க்கும்போது அது வேறு தெருவில் நிற்கும். 2023 ஓகஸ்ட் 29 அன்று ஊலெஸ் லண்டனின் எல்லாப் பறோக்களுக்கும் (நகரப் பிரிவுகளுக்கும்) வந்தபோது, வெளிப்புறங்களில் சனம் கம்பங்களை அறுத்து, வயரை வெட்டி, பெயின்ட் அடித்தது. வானைத் துரத்துவது அவ்வளவு லேசில்லை.

சனம் பிழையாக விளங்கி வைத்திருப்பது இன்னொன்று. கமராவுக்குப் புகை தெரியாது. உன் வான் கரும்புகை கக்கினாலும், ரோஜாப்பூ மணம் வீசினாலும் அதற்கு ஒன்றுதான். தகட்டை வாசிக்கும், அந்த இலக்கத்தை வாகனப் பதிவேட்டோடு ஒப்பிடும், எஞ்சின் எந்த யூரோ தரம் (புகைக்கான ஐரோப்பிய அளவுகோல்) என்று பார்க்கும். அவ்வளவுதான். '62' என்றால் 2012 செப்டம்பருக்கும் 2013 பெப்ரவரிக்கும் இடையில் பதிந்தது. அந்தக் காலத்து டீசல் வான் யூரோ 5. வேண்டியது யூரோ 6, வானில் அது பொதுவாக 2016 செப்டம்பருக்குப் பிறகு வந்தவற்றில்தான். பெட்ரோலுக்கு யூரோ 4 போதும்.

என் அண்ணையிடம் 2007 பெட்ரோல் டொயோட்டா இருக்கிறது, கதவு ஒன்று வேறு நிறம். சதம் கட்டாமல் லண்டன் முழுக்க ஓடுகிறார். அவருடைய மருமகனின் 2014 டீசல் பிஎம்டபிள்யூ கண்ணாடி மாதிரி மின்னும். அது ஒழுங்கையை விட்டு வெளியே வந்தால் 12.50. கலியாண வீடுகளில் அண்ணை இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

கமரா ஒரு பியூன் மாதிரி. பெயரை வாசிக்கும், உள்ளே அனுப்பும். காசு கட்டவேண்டுமா, கட்டினாயா என்பது எல்லாம் உள்ளே இருக்கிற பட்டியலில். ஒரு நாளில் பத்துக் கமரா உன்னைப் பிடித்தாலும் கட்டணம் ஒன்றுதான். அதனால் கமரா எங்கே நிற்கிறது என்று தேடித் திரிவது வீண் வேலை. பட்டியலில் உன் பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்.

---

ஹாரோ_ஜெயா:

ஆனால் அண்ணை, பட்டியல் சரியாக இருந்தும் எனக்கு அடி விழுந்தது. என் சாம்பல் நிறக் கார் ஊலெஸ் கட்டத் தேவையில்லாத வகைதான். ஆனால் நெரிசல் கட்டணம் கட்டாமல் நகர நடு வலயத்துக்குள் போனதாகத் தண்டம் வந்தது. அன்று நான் வேலையில், கார் வேலைத்தலத் தரிப்பிடத்தில். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே இலக்கம், அதே மொடல், அதே நிறம். ஆனால் அந்தக் காரின் கூரையில் கம்பிகள், என் காரில் இல்லை. எவனோ என் தகட்டைப் பார்த்து அச்சடித்து மாட்டியிருக்கிறான்.

பொலிசில் முறையிட்டுக் குற்ற இலக்கம் எடுத்தேன். என் காரை நான்கு பக்கமும் படம் பிடித்து, வேலைத்தல வரவுப் பதிவையும் சேர்த்து 28 நாளுக்குள் எழுதினேன். தண்டத்தை நீக்கினார்கள். ஆனால் முதல் நாள் அந்த உறையைப் பிரித்தபோது, நான்தான் மறந்துபோய் அந்தப் பக்கம் ஓடினேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. படத்தை நம்புகிற அளவுக்கு நாங்கள் எங்களையே நம்புவதில்லை.

---

மாணவன்_22:

யாரும் பொலிசைப் பற்றிப் பேசவில்லையே. நெரிசலுக்கு என்று போட்ட கமரா, 2007இலேயே தேசியப் பாதுகாப்பு என்று சொல்லி மெட் (லண்டன்) பொலிசாரும் பார்க்கலாம் என்றாகிவிட்டது. ஊலெஸ் விரிந்த பகுதிக் கமராக்களையும் அவர்களுக்குத் திறந்துவிட 2022இல் மேயர் முடிவெடுத்தார். காற்றைச் சுத்தமாக்க என்று கேட்டால் தலையாட்டிய சனம், நீ எங்கே போகிறாய் என்று எழுதி வைக்கிறோம் என்று கேட்டிருந்தால் ஆட்டியிருக்குமா?

---

டூட்டிங்_மினிகாப்:

நியாயமான கேள்விதான். சோதனைச் சாவடி இருந்த ஊரிலிருந்து வந்தவன் நான். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று கொப்பியில் எழுதுகிறவனைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். இங்கே எழுதுகிறவன் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். காசு கட்டியவர், கட்டத் தேவையில்லாதவர் படங்களை அழித்துவிடுகிறோம் என்கிறார்கள். ஆனால் பொலிசுக்குப் போனது வேறு கணக்கு. அதைத் தனி இழையாகத் தொடங்கு, நானும் வருகிறேன். இங்கே இந்தத் தம்பியின் மாமா முதலில் கதைக்கட்டும்.

இல்ஃபோர்ட் தம்பி, ஜெயா பிள்ளை சொன்ன வழி உனக்கு ஒத்துவராது. உன் படத்தில் இருப்பது உன் வான்தான். ஆனாலும் எழுதிப் பார்க்கலாம். ஒவ்வொரு இரவும் ஒரு நாளுக்குக் கட்டிய ரசீதுகளைச் சேர்த்து, நாள் நள்ளிரவில் மாறும் என்று விளங்காமல் நடந்தது என்று உண்மையை எழுது. கேட்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை, கேட்டால் லாபம். வாகனம் மாமாவின் பெயரில் இருப்பதால் அவர்தான் கையெழுத்து வைக்கவேண்டும். டிஎஃப்எல் மறுத்தால், மேல்முறையீட்டுக்கு லண்டன் தீர்ப்பாயம் இருக்கிறது. கடிதத்தை மட்டும் லாச்சிக்குள் போட்டு மூடாதே. 28 நாள் போனால் 180 என்பது 270 ஆகும்.

வானை மாற்றக் காசு கொடுத்தார்கள் ஒரு காலத்தில். சிறு வியாபாரிக்கு ஒரு வானுக்கு ஆயிரக்கணக்கான பவுண். 2024 செப்டம்பரில் அதை மூடிவிட்டார்கள். மாமாவுக்குச் சொல்லாதே, இன்னும் கோபம் வரும். 40 வயது தாண்டிய பழைய வாகனத்துக்கு விலக்கு உண்டு, 2052 தாண்டும் வரை வைத்திருந்து பார். ஆனால் வியாபாரத்துக்கு ஓடினால் அதுவும் இல்லை.

இனிச் செய்யவேண்டியது சுலபம். பதினொன்றரைக்கு வெளிக்கிடாதே. பன்னிரண்டு ஐந்துக்கு வெளிக்கிடு. கிழமைக்கு ஆறு நாள் கட்டவேண்டியது மூன்று நாளாகும்: 75 பவுண் 37.50 ஆகும். போனில் கட்டும்போது தேதியைப் பார்த்துக் கட்டு, வீட்டுக்குத் திரும்பி வந்து கட்டினாலும் போதும்.

---

இல்ஃபோர்ட்_வான்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன அன்றே கடைசி அதிகாலைக்குக் கட்டினேன், கெடுவுக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. அதற்குப் பிறகு இன்னும் நான்கு கடிதம் வந்திருக்கிறது. ரசீதுகளை அச்சடித்து, மாமாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியாயிற்று. கையெழுத்து வைக்கும்போது ஒரு வசனம் கதைத்தார், இங்கே எழுத முடியாது.

செவ்வாய் இரவு வானுக்குள் இருந்துகொண்டு போனைப் பார்த்து, 12.03க்கு சாவியைத் திருப்பினேன். சந்தையில் என் வழமையான இடத்தில் வேறொருவர் நிறுத்தியிருந்தார். தூரத்தில் நிறுத்தி, தள்ளுவண்டியோடு ஓடிப்போனால் நல்ல முருங்கைக்காய் முடிந்துவிட்டது. முற்றினதுதான் கிடைத்தது. காலையில் மாமி அதை முறித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு அந்த 12.50ஐயே கட்டியிருக்கலாம்" என்றா.

---

டூட்டிங்_மினிகாப்:

மாமிக்கு முருங்கைக்காய்க் கணக்கு தெரியும், அதில் நான் தலையிடமாட்டேன். வியாழக்கிழமை வானை அரைக் கிலோமீட்டர் தள்ளியே விட்டுவிட்டு மடிக்கிற தள்ளுவண்டி ஒன்று கொண்டுபோ. என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, ஒரு சில்லு கொஞ்சம் இழுக்கும். வேண்டுமென்றால் தனிச்செய்தி போடு.