பெகாசஸ் வெள்ளிக்காசு: இது கொரிந்தில் அடித்ததுதானா?

கேள்வி (பழங்காசு)
வணக்கம். ஓர் ஏலப் பட்டியலில் ஸ்டேட்டர் எனப்படும் கிரேக்க வெள்ளிக்காசு ஒன்றைப் பார்த்தேன். ஒரு பக்கம் சிறகுள்ள குதிரை பெகாசஸ், மறுபக்கம் தலைக்கவசம் போட்ட ஏதெனா தெய்வம், எடை 8.5 கிராம். கிரீஸிலுள்ள கொரிந்து நகரத்தில் அடித்தது என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் இத்தாலிக்குத் தெற்கேயுள்ள சிசிலித் தீவில் கிடைத்ததாம். குதிரைக்குக் கீழே கூரை மாதிரி இரண்டு சாய்கோடுகள் மட்டும் இருக்கின்றன. சிசிலியில் கிடைத்தது என்பதால் அங்கேயே அடித்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில் (குதிரைவீரன்)
கொரிந்து என்று சொல்ல முடியாது. கொரிந்துக் காசென்றால் குதிரைக்குக் கீழே கொப்பா என்ற கிரேக்க எழுத்து இருக்கும், அதாவது சின்ன வட்டம், அதன் அடியில் ஒரு கோடு. அந்த ஊர்ப் பெயரின் பழைய முதலெழுத்து அது. மற்ற இடங்களில் வழக்கொழிந்த பிறகும் காசில் மட்டும் விடாமல் போட்டு வந்தார்கள். நீங்கள் சொல்வது லாம்டா (Λ, கிரேக்க ‘ல’ எழுத்து) என்றால் லூக்காஸ், கிரீஸின் மேற்குக் கரையில் கொரிந்துக்காரர்கள் குடியேறிய ஊர். இந்தக் குடியேற்ற ஊர்கள் பலவும் தாய்நகரத்தின் அதே படத்தில், அதே எடையில் (சுமார் 8.6 கிராம்) அடித்ததால், படத்தை மட்டும் பார்த்து ஊர் சொல்வது ஆபத்து, எழுத்துதான் சாட்சி.

பதில் (ஏட்டுச்சுவடி)
மேலே சொன்னது சரி, ஆனால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நடுக்கோடு தேய்ந்துபோன ஆல்ஃபாவும் (Α) லாம்டா மாதிரியே தெரியும், அப்படியென்றால் ஊர் அம்ப்ராக்கியா, அதுவும் கொரிந்தின் குடியேற்ற ஊர்தான். படத்தைப் பெரிதாக்கி, இரண்டு கால்களுக்கு நடுவில் மேடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் சிசிலி விஷயம். கி.மு. 344இல் கொரிந்து தன் தளபதி டிமோலியோனை சிசிலியிலுள்ள சிராக்கூஸ் நகரத்துக்கு அனுப்பியது, அந்தக் காலத்தையொட்டி பெகாசஸ் காசுகள் சிசிலிக்குள் வெள்ளமாக வந்தன, அங்கே கிடைக்கும் புதையல்களில் கொரிந்தும் அதன் குடியேற்ற ஊர்களும் கலந்தே இருக்கும். சிராக்கூஸும் தானே பெகாசஸ் அடித்தது, ஆனால் அதில் ஊர்க்காரர் பெயரையே எழுதியிருப்பார்கள். அதனால் கிடைத்த இடம் அந்தக் காசு எங்கே புழங்கியது என்பதைத்தான் சொல்லும், பிறந்த ஊரைச் சொல்லாது.

பழங்காசு
நன்றி, பெரிதாக்கிப் பார்த்தேன், நடுவில் சுத்தமாக ஒன்றும் இல்லை.

பதில் (குதிரைவீரன்)
அப்படியானால் லூக்காஸ் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் வாங்குவதற்கு முன் விளிம்பைப் பாருங்கள், செம்பின் மேல் வெள்ளி போர்த்திய காசுகள் அந்தக் காலத்திலேயே உண்டு. ஏதெனாவின் தலைக்குப் பின்னால் சின்னச் சின்னம் ஒன்று இருக்கும், அந்தப் பக்கத்துப் படத்தையும் போடுங்கள், அதே அச்சில் அடித்த வேறு காசு பதிவாகியிருந்தால் ஊரை உறுதியாகச் சொல்லிவிடலாம்.